பொங்கினால் கிருமி செத்துவிட்டதா?

விடியும் முன்பே கம்பம் ஊரில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள்தான் என்னிடம் வைத்தியத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர். போன மாதம் வந்த ஒரு அக்காவுக்குக் களை வெட்டும்போது கணுக்காலில் அரிவாள் பட்டிருந்தது. ஒன்பது நாளாகியும் புண் ஆறவில்லை. ஓரமெல்லாம் வெளுத்து ஊறியிருந்தது.

"தெனம் ரெண்டு வேளை பொங்குற மருந்து ஊத்துறேன் டாக்டரம்மா. நல்லாப் பொங்குது. கிருமி சாகுதுல்ல?"

பொங்குகிற மருந்து என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. நம் ரத்தத்திலும் திசுக்களிலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். அந்த ஆக்சிஜன்தான் நுரை. புண்ணில் ஒரு கிருமிகூட இல்லாவிட்டாலும் பொங்கும்.

அதே நொதி பல பாக்டீரியாக்களிடமும் உண்டு. லேபில் கண்ணாடித் தகட்டில் கிருமியைத் தடவி ஒரு சொட்டு பெராக்சைடு விடுவோம். ஸ்டாஃபைலோகாக்கஸ் பொங்கும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பொங்காது. புண்ணில் சீழ் வைப்பதில் முதல் ஆள் அந்தப் பொங்குகிற ஸ்டாஃபைலோகாக்கஸ்தான்!

பெராக்சைடு பாக்டீரியாவுக்குப் புதிதும் இல்லை. நம் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிக் கொல்லப் பயன்படுத்தும் ஆயுதங்களில் இதுவும் ஒன்று. அதனால் பாக்டீரியாக்கள் ஆபத்தை மோப்பம் பிடிக்கக் காவல் வைத்திருக்கின்றன. குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் அந்தக் காவல் ஆக்சிஆர் என்ற புரதம். பெராக்சைடு பட்டதும் அதிலுள்ள இரண்டு கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். புரதத்தின் உருவம் மாறும். உடனே கேட்டலேஸ் உள்ளிட்ட தற்காப்பு மரபணுக்களை அது முடுக்கிவிடும். ஆபத்து நீங்கினால் முடிச்சு அவிழும். 1985இல் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் குழுவினர் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவில் இந்த ஆக்சிஆர் காவலைக் கண்டறிந்தார்கள். ஸ்டாஃபைலோகாக்கஸ் இரும்பின் துணையோடு உணரும் பெர்ஆர் என்ற வேறொரு புரதத்தை வைத்திருக்கிறது.

லேசான பெராக்சைடை முதலில் சந்தித்த ஈ.கோலை, பிறகு கொல்லும் அளவு கொடுத்தாலும் பிழைத்துக்கொள்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பாட்டில் மருந்து அதைவிடப் பல மடங்கு வீரியமானது, மேலாக இருக்கும் கிருமிகளில் கொஞ்சம் சாகத்தான் செய்யும். ஆனால் நுரைத்து நுரைத்துச் சீக்கிரமே வீரியம் போய்விடும். புதுத்தோல் கட்ட வரும் நம் செல்களோ அந்த வீரியத்தைத் தாங்காது. அக்காவின் புண் ஓரம் வெளுத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்றோடு பாட்டிலை நிறுத்தச் சொன்னேன். ஓடும் நல்ல தண்ணீரில் கழுவி, சுற்றிலும் சோப்புப் போட்டு, சுத்தமான துணியால் கட்டினால் போதும். அப்புறம் சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி போட்டிருக்கவில்லை, போட்டோம். சிவப்பு பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ, ஞாயிற்றுக்கிழமை லீவு வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மலையிறங்கி வந்துவிடுங்கள்.