மாப்பிள்ளை போட்ட ஒன்பது லட்சம்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் 29 நாடுகளுக்கும் பொதுவான விசா) மறுக்கப்பட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதே தவறோடு மூன்றாவது ஆள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தபோது, இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது. விசா ஆவணங்கள் தயாரித்துக் கொடுப்பதுதான் பதினான்கு வருடமாக என் தொழில்.

வந்தவர் தூத்துக்குடிப் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பிப்ரவரி 11 மாதா திருவிழாவன்று மனைவியோடு பிரான்சிலுள்ள லூர்து மாதா கெபியின் (குகைக் கோவில்) முன்னால் நிற்கவேண்டும் என்பது அவருடைய முப்பது வருட ஆசை. பிரான்சில் எட்டு இரவு, ரோமில் நான்கு இரவு என்று திட்டம் போட்டிருக்கிறார். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து சென்னை வந்து, இரண்டு பேரும் கைரேகை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாஸ்போர்ட் திரும்பி வந்தது, விசா இல்லாமல்.

“எங்க பேப்பர்ல என்ன தம்பி தப்பு? எல்லாமே ஒரிஜினல்தானே?”

வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பிரித்தேன். மாதாமாதம் ஓய்வூதியம் 46,000. கரண்ட் பில், மருந்துக்கடை, ஏடிஎம்மில் ஐந்தாயிரம், பத்தாயிரம். ஆறு மாதமும் ஒரே சீராகப் போகிறது. கடைசிப் பக்கத்தில், விண்ணப்பத்துக்கு நான்கு நாள் முன்னால், ஒரே வரவாக 9,00,000 ரூபாய்.

“அது மாப்பிள்ளை போட்டதுங்க. பத்து லட்சத்துக்கு மேல பேலன்ஸ் காட்டினாத்தான் விசான்னு அவரோட ஃபிரெண்டு சொன்னாராம்.”

அந்த நண்பர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அவர் இருக்கிறார். நகையை அடகு வைத்துப் பேலன்ஸ் காட்டச் சொல்கிறார், வட்டிக்குப் பணம் வாங்கிப் பத்து நாள் கணக்கில் போட்டு வைக்கச் சொல்கிறார். தயவுசெய்து அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

தூதரகத்தில் ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பவர் கடைசி வரியை மட்டும் பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் கேட்பதே முதலிலிருந்து படிப்பதற்குத்தான். சம்பளமோ ஓய்வூதியமோ வியாபார வரவோ எங்கிருந்து வருகிறது, வருமான வரிக் கணக்கோடு ஒத்துப்போகிறதா, வீட்டுச் செலவு போக என்ன மிஞ்சுகிறது, இந்தப் பயணத்தை இந்தக் குடும்பம் தாங்குமா என்று பார்க்கிறார்கள். 46,000 வாங்கும் கணக்கில் திடீரென ஒன்பது லட்சம் விழுந்தால், அது யாருடைய பணம் என்ற கேள்வி வரும். உங்கள் கோப்பில் அதற்குப் பதில் இல்லையென்றால், கூடவே இருக்கும் உண்மையான தாள்கள் மேலும் சந்தேகம் விழும். சார் கொண்டுவந்த மறுப்புத் தாளில் இரண்டு கட்டங்கள் குறிக்கப்பட்டிருந்தன: கொடுத்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை, விசாக் காலம் முடியுமுன் திரும்பிப் போவீர்களா என்பதில் ஐயம் இருக்கிறது.

எனக்கு வயிற்றெரிச்சல் எதில் என்றால், அந்த ஒன்பது லட்சம் தேவையே இல்லை. ஹோட்டல் முன்பதிவு காட்டினால், செலவுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 65 யூரோ இருக்கவேண்டும் என்பது பிரான்ஸ் வைத்திருக்கும் கணக்கு. மொத்தம் 13 நாளுக்கும் அதையே போட்டுப் பார்த்தாலும் இருவருக்கும் சேர்த்து 1,690 யூரோ. சாரின் சொந்தச் சேமிப்பே 3,40,000 ரூபாய் இருந்தது. அதுபோக வைப்புத்தொகை, சொந்த வீடு, வாழ்நாள் முழுக்க வரும் ஓய்வூதியம், உள்ளூரிலேயே பேரப்பிள்ளைகள். அவற்றையெல்லாம் அந்த ஒரு வரி மறைத்துவிட்டது.

உண்மையிலேயே பெரிய தொகை வந்திருந்தால் பயப்பட வேண்டாம். இடம் விற்றிருந்தால் கிரயப் பத்திர நகல், சீட்டு எடுத்திருந்தால் அதன் ரசீது, பி.எஃப். வந்திருந்தால் அதற்கான தாள் என்று கூடவே வையுங்கள். செலவை மாப்பிள்ளைதான் ஏற்கிறார் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லலாம். அவருடைய கடிதம், அவருடைய ஸ்டேட்மென்ட், வருமான வரித் தாள், உறவுக்குச் சான்று இவை போதும். பணம் அவர் கணக்கிலேயே இருக்கட்டும்.

அடுத்தது பெயர். நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி இது. வங்கியில் எஸ். முருகன், பாஸ்போர்ட்டில் முருகன் சுப்பையா, வீட்டு வரி ரசீதில் சு. முருகன். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாதவர் அதைப் படிக்கிறார். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத்து இருக்கிறதோ, விண்ணப்பத்திலும் பயண இன்சூரன்ஸிலும் அதே எழுத்து வரவேண்டும். ‘எஸ் என்பது என் தந்தை பெயரான சுப்பையாவின் முதல் எழுத்து’ என்று கவரிங் லெட்டரில் (விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதம்) ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ‘அந்த நாட்டில் ஈசியாகக் கிடைக்கும்’ என்று வேறு நாட்டுக்குப் போட்டுவிட்டு, போகாத ஊருக்கு ஹோட்டல் பதிவு காட்டாதீர்கள். பதிவு உண்மைதானா என்று சரிபார்க்கிறார்கள். விண்ணப்பித்த மறுநாள் நீங்கள் ரத்து செய்திருந்தால் அதுவும் தெரியவரும். விசா வருமுன் பணம் திரும்பாத விமான டிக்கெட்டை எடுக்காதீர்கள், முன்பதிவுத் தாள் போதும்.

பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்கவேண்டும். இரண்டு பக்கம் காலியாக வேண்டும். இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது, ஷெங்கன் நாடுகள் 29-க்கும் செல்லவேண்டும். இங்கிலாந்தும் அயர்லாந்தும் அந்த 29-இல் இல்லை, அவற்றுக்குத் தனி விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாள் முன்புதான் கடைசிக் கெடு என்பதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், முடிவு சொல்ல 45 நாள்வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு விதி இருக்கிறது. கோடை விடுமுறைக்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் திரும்ப வராது.

தாள்களை வாங்கிக்கொள்ளும் மையத்துக்கு விசா கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் கிடையாது. ‘உள்ளே ஆள் இருக்கு, நூறு சதம் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். என்னாலும் அப்படிச் சொல்ல முடியாது.

மறுப்பு வந்தால் இனி ஐரோப்பாவே கிடையாது என்று அழுகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. மேல்முறையீடு எப்படிச் செய்வதென்று அந்தத் தாளிலேயே இருக்கும். புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பழைய விண்ணப்பம் அவர்களுடைய கணினியில் ஐந்து வருடம் இருக்கும், அதனால் குறையைச் சரிசெய்யாமல் அதே கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

பிப்ரவரி போய்விட்டது. சாரும் அம்மாவும் ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவுக்கு மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். மாப்பிள்ளை பணம் அவரிடமே திரும்பிப் போய்விட்டது. கவரிங் லெட்டரை நான் எழுதித் தருகிறேன் என்றேன். “வேண்டாம் தம்பி, நானே எழுதுறேன்” என்று பேனாவைத் திறந்தார். ‘முதல் விண்ணப்பத்தின்போது என் கணக்கில் இருந்த 9,00,000 ரூபாய் என் மருமகனுடையது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது இருப்பது நானும் என் மனைவியும் சேமித்தது’ என்று தொடங்கியிருந்தார். பொருள் எதையும் மாற்றாமல், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கோப்பின் மேலே வைத்திருக்கிறேன்.