'புவர்லி' என்றால் 'மோசம்' அல்ல: உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறிக்கையில் வரும் ஒரு சொல்

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து வந்த ஒரு தம்பி, கடந்த மாரியில் எங்கள் ஆய்வுகூட ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் நின்றிருந்தார். கையில் தகப்பனின் அறிக்கை. உணவுக்குழாயில் கமரா விட்டு எடுத்த சதையைப் பார்த்து, 'புவர்லி டிபரன்சியேட்டட்' என்று நான்தான் எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை அவர் போனில் போட்டுத் தமிழில் பார்த்திருக்கிறார்.

"மோசம் எண்டு போட்டிருக்கு டொக்டர். இனி அப்பாவ அலைக்கழிக்காம வீட்டிலயே வச்சுப் பாப்பம் எண்டு அம்மா சொல்றா."

சீ.ரி. ஸ்கான்கூட அப்போது எடுத்திருக்கவில்லை. நோய் எதுவரை போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் முடிவெடுத்துவிட்டது. இதை எழுதத் தூண்டியது அந்த ஜன்னலடிப் பேச்சுத்தான்.

கமராவில் எடுக்கும் சதைத்துண்டு நெல்மணியைவிடச் சிறியது. அதை மெழுகில் பதித்து, மெல்லிய தாளாகச் சீவி, சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கிறோம். அப்போது நான் எனக்குள் கேட்பது இதுதான்: இந்தப் புற்றுநோய்க் கலத்தில், அது பிறந்த தாய்க்கலத்தின் சாடை இன்னும் இருக்கிறதா? அந்தச் சாடையின் அளவைத்தான் 'கிறேட்' என்கிறோம். உணவுக்குழாயின் உட்புறத்தில் தட்டையான கலங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். அங்கே தொடங்கும் செதிற்கலப் புற்றுநோய், தட்டைக் கலங்களின் சாடை மாறாமல், கெரற்றின் என்ற புரதத்தை உண்டாக்கி முத்து முத்தாகச் சுருண்டிருந்தால் கிறேட் 1, அதாவது 'வெல் டிபரன்சியேட்டட்'. சாடை மங்கியிருந்தால் கிறேட் 2. அடையாளமே தெரியாதபடி மாறியிருந்தால் கிறேட் 3, அதாவது 'புவர்லி டிபரன்சியேட்டட்'. 'புவர்லி' என்ற சொல் குறிப்பது அந்தச் சாடையின் குறைவை மட்டுமே. நோயாளியின் நிலைமை மோசம் என்றோ, மருந்து பலிக்காது என்றோ அதற்கு அர்த்தம் இல்லை.

அதற்காக கிறேட் முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். கிறேட் 3 கட்டிகள் நிணநீர்க் கணுக்களுக்கு முந்திப் போகும் போக்குடையவை. சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வரும் வாய்ப்பும் கூட. மேற்படையில் மட்டும் இருக்கும் மிக ஆரம்பக் கட்டியைக் கமரா வழியாகவே சீவி எடுத்துவிடலாம். ஆனால் அது கிறேட் 3 என்றால் சத்திரசிகிச்சை பற்றியும் வைத்தியர்கள் யோசிப்பார்கள். கிறேட்டின் குரல் பலமாகக் கேட்பது இந்த ஆரம்பக் கட்டத்தில்தான். நோய் எதுவரை போயிருக்கிறது என்பதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் டி.என்.எம். வகைப்பாட்டின் 8ஆம் பதிப்பில், சத்திரசிகிச்சைக்குப் பிறகு கட்டம் குறிக்கும்போது, கணுக்களுக்குப் பரவாத ஆரம்பக் கட்டிகளில் கிறேட்டும் கணக்கில் வரும். கணுவுக்குப் போய்விட்டால் கட்டத்தைத் தீர்மானிப்பதில் அதற்கு இடமில்லை. கட்டி எவ்வளவு ஆழம், எத்தனை கணு, வேறு உறுப்புக்குப் போனதா என்பவைதான் அங்கே பேசும்.

இன்னொரு குடும்பம் இதற்கு நேர்மாறு. 'வெல் டிபரன்சியேட்டட்' என்பதை 'நல்ல வகை' என்று எடுத்துக்கொண்டு மூன்று மாதம் நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தார்கள். வரும்போது கழுத்துக் கணுவில் கை வைத்தாலே தட்டுப்பட்டது. முதல் நபரைவிட இவரை நினைத்துத்தான் எனக்கு அதிக வேதனை. உணவுக்குழாய்க்கு வெளியுறை கிடையாது. நிணநீர் வழிகள் அதன் நீளத்துக்கும் ஓடுகின்றன. கிறேட் 1 ஆக இருந்தாலும் காலம் கொடுத்தால் பரவும்.

மருந்து வேலை செய்யுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நெதர்லாந்தில் நடத்தி 2012இல் வெளியிட்ட 'குறொஸ்' ஆய்வில், சத்திரசிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருந்தவர்களுக்கு முதலில் 5 வாரம் கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு வெட்டியெடுத்த உணவுக்குழாயைப் பரிசோதித்தபோது, செதிற்கல வகையில் 49% பேருக்குப் புற்றுநோய்க் கலம் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. சுரப்பி வகையான அடினோகார்சினோமாவில் 23%. ஆகவே, 'எந்தக் கிறேட்' என்பதற்கு முன் 'எந்த வகை' என்று கேளுங்கள். சிகிச்சைக்குப் பின் எவ்வளவு கட்டி மிஞ்சியது என்பதையும் நாங்கள் தனியாக எழுதுவோம். அதற்கும் 'கிறேட்' என்ற பெயர் ஒட்டிக்கொள்வதால் குழப்பம் வரும். அது சிகிச்சைக்குக் கட்டி எவ்வளவு இணங்கியது என்பதன் அளவு. இனி என்ன நடக்கும் என்பதை முதலில் எழுதிய கிறேட்டைவிட அதுவே நன்றாகச் சொல்லும்.

அந்தத் தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "சாடை தெரியல்ல எண்டுதான் எழுதினன் தம்பி, சாகப்போறார் எண்டு எழுதல்ல," என்றேன். இரண்டு கிழமைக்குள் ஸ்கான் எடுத்தார்கள். தூரத்தில் பரவல் இல்லை. கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்திருக்கின்றன. அடுத்த கமராவுக்குத் திகதி கிடைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு முதலில் வெற்றிலை வட்டாவைத்தான் நீட்டுவோம். புகையிலை சேர்ந்த வெற்றிலை உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் உறுதிப்படுத்தியிருக்கிறது. புகைத்தலும் மதுவும் அப்படியே. சாராயமும் சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

ஆனால் என் மேசைக்கு வரும் துண்டுகளில் என்னை வருத்துவது தாமதம். முதலில் இறைச்சியும் றொட்டியும் நெஞ்சில் நிற்கும். தண்ணீர் குடித்து இறக்குவார்கள். பிறகு சோற்றைக் குழைத்து, பிறகு கஞ்சி. கஞ்சியும் இறங்காதபோதுதான் வைத்தியசாலை. அதற்குள் உடம்பு பாதியாகிவிடும். சிகிச்சையைத் தாங்கத் தேவையான சத்தும் போய்விடும். "வாய்வு", "கேஸ்" என்று சொல்லிக் குளிசை வாங்காதீர்கள். இரண்டு கிழமையாகச் சாப்பாடு நெஞ்சில் நிற்கிறதென்றால் கிளினிக்கில் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். முன்பு இருந்த நிறையையும் இப்போதுள்ள நிறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கமரா தேவையா என்று நீங்களே கேளுங்கள்.