அறுபது சதவீதம் என்பது ஓர் அளவே அல்ல

சென்ற மாதம் என்னிடம் செவித்திறன் பரிசோதனைக்கு வந்த பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரின் ஆடியோகிராமில் (எந்தச் சுருதியில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடம்; கோடு கீழே இறங்கினால் கேட்கும் திறன் குறைவு), 4000 ஹெர்ட்ஸில் மட்டும் கோடு சட்டென்று கீழே இறங்கி, 8000 ஹெர்ட்ஸில் மீண்டும் மேலேறியிருந்தது. வலது காதில் 45 டெசிபல், இடது காதில் 40. இரவில் படுத்தால் காதுக்குள் சீழ்க்கை அடிப்பது போல ஓர் ஓசை விடாமல் கேட்கிறது என்பதுதான் அவர் சொன்ன குறை. இத்தகைய பள்ளத்தை முன்பெல்லாம் தறிப்பட்டறையிலும் லேத்திலும் இருபது ஆண்டு உழைத்தவர்களிடம்தான் பார்ப்பேன். இப்போது மாணவர்களிடம் பார்க்கிறேன் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கைபேசியில் பாட்டுக் கேட்கும்போது அழைப்பும் அறிவிப்பும் குறுக்கிடுகின்றன என்பதற்காக, பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் அவர் தனியாக ஒரு மியூசிக் பிளேயர் வாங்கியிருந்தார். அது நல்ல முடிவுதான். வாங்குமுன் இரண்டு மாதம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே இருக்கும் சிப் எது, எந்தெந்தக் கோப்பு வகைகள் ஓடும், ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். காதுக்குள் எவ்வளவு சத்தம் போகிறது என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. கேட்டபோது, “மேடம், நான் அறுபதைத் தாண்டி வைத்ததே இல்லை” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வால்யூம் பட்டையில் தெரியும் 60 என்பது சத்தத்தின் அளவு அன்று. அந்தக் கருவி தன்னால் தர முடிந்ததில் எந்தப் படியில் நிற்கிறது என்பதற்கான குறி மட்டுமே. ஒரு பிளேயரின் 60 இன்னொரு பிளேயரின் 90 ஆக இருக்கலாம். அதே பிளேயரிலேயே இயர்போனை மாற்றினால் கணக்கு முழுவதும் மாறிவிடும். மின்தடை ஒன்றாகவே உள்ள இரண்டு இயர்போன்களில் ஒன்றின் உணர்திறன், அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு அது எழுப்பும் சத்தம், மில்லிவாட்டுக்கு 98 டெசிபல், மற்றதற்கு 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்யூமைத் தொடாமலே காதில் விழும் சத்தம் 12 டெசிபல் கூடிவிடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும் என்பதால், முதல் இயர்போனில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றால், இரண்டாவதில் இரண்டரை மணி நேரம் மட்டுமே கேட்கலாம். இரண்டிலும் திரையில் இருப்பது அதே 60 தான். வால்யூம் அறுபது சதவீதத்தையும் கேட்கும் நேரம் அறுபது நிமிடத்தையும் தாண்டக் கூடாது என்ற “அறுபது சதவீதம், அறுபது நிமிடம்” விதியை நானும் ஒரு காலத்தில் சொன்னதுண்டு. அதைச் சொன்னது கைபேசியோடு வந்த சாதாரண இயர்போனுக்காக. ஹெட்போனுக்கென்றே வலுவான ஆம்ப்ளிஃபயர் வைத்துச் செய்யப்படும் இன்றைய பிளேயர்களுக்கு அந்த விதி பொருந்தாது.

அவருடைய பிளேயரையே வாங்கி, அவர் வழக்கமாகக் கேட்கும் பாட்டை, அவர் வைக்கும் அதே அறுபதில் ஓடவிட்டு, காது கேட்கும் கருவிகளைச் சோதிக்கும் சிறு உலோகக் கிண்ணத்தில் இயர்போனைப் பொருத்தினேன். கருவி காட்டிய எண்ணைத் திறந்தவெளி அளவுக்கு, அதாவது இயர்போன் இல்லாமல் வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கு இணையான அளவுக்கு, மாற்றிப் பார்த்தபோது ஏறத்தாழ 95 டெசிபல் வந்தது. (இந்த மாற்றத்தைச் செய்யாமல், கைபேசிச் செயலியை இயர்போன் அருகில் பிடித்து அளப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணை நம்ப வேண்டாம்.) உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் பாதுகாப்பாகக் கேட்பதற்கென வகுத்த எச்.870 தரநிலை, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்கிறது. அந்தக் கணக்கில் 95 டெசிபலுக்கு வாரம் முழுவதற்கும் கிடைப்பது 75 நிமிடம். அவருடைய பேருந்துப் பயணம் போக வர நாளுக்கு ஒன்றரை மணி நேரம். திங்கட்கிழமை மாலை வீடு திரும்புமுன்பே அந்த வாரத்தின் பங்கு தீர்ந்திருக்கும்.

மெனுவைத் திறந்து பார்த்தால் கெயின், அதாவது ஆம்ப்ளிஃபயர் ஒலியைப் பெருக்கும் அளவு, உயர்நிலையில் இருந்தது. அப்படி வைத்தால் இசை இன்னும் விரிவாகக் கேட்கும் என்று எங்கோ படித்தாராம். உயர் கெயின் என்பது மின்தடை மிகுந்த பெரிய ஹெட்போன்களுக்கானது. காதுக்குள் செருகும் இயர்போனுக்கு அது தேவையே இல்லை. விரிவாகக் கேட்டதாகத் தோன்றியதற்குக் காரணம் சத்தம் கூடியதுதான். கடையில் இரண்டு பிளேயர்களை மாற்றி மாற்றிக் கேட்கும்போதும் இதே தவறு நடக்கிறது: சற்றே உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே தரமானது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. இரண்டையும் சம அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். ஒலியை எவ்வளவு நுணுக்கமாக, நொடிக்கு எத்தனை முறை பதிவெடுக்கிறார்கள் என்று சொல்லும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களுக்கு மயங்கவும் வேண்டாம். மனிதக் காது மிஞ்சிப்போனால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், பதிவெடுக்கும் வேகம் அதைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேல் இருந்தாலே போதும் என்பதால் அதற்கு சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே போதும்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒரு பிளேயரைத் தேர்ந்தெடுப்பவர்கள் குளிரூட்டிய கடையில் நின்று முடிவு செய்யாதீர்கள். நண்பரிடமிருந்து ஒருநாள் இரவல் வாங்கி, நீங்கள் தினமும் போகும் பேருந்தில், எஞ்சின் அருகே உள்ள இருக்கையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அங்கே வால்யூமை எவ்வளவு ஏற்றத் தோன்றுகிறது என்பதுதான் உண்மையான சோதனை. காதோடு சரியாகப் பொருந்தும் ரப்பர் முனையும், எஞ்சின் முழக்கத்தைக் குறைக்கும் இரைச்சல் நீக்க வசதியும் அந்த ஏற்றத்தைத் தடுக்கும். ஆகவே கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை பிளேயருக்கு அல்ல, இயர்போனுக்கு ஒதுக்குங்கள். சாலையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

உச்ச வால்யூமுக்கு வரம்பு வைத்துப் பூட்டும் வசதி இல்லாத பிளேயரைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள். அவர்களுக்கு 80 கூட அதிகம். தரநிலை சொல்வது 75. ஐரோப்பாவில் விற்கும் கருவிகளுக்கு 85 டெசிபலில் எச்சரிக்கையும் 100 டெசிபலில் உச்ச வரம்பும் கட்டாயம் என்பதால், மெனுவில் அத்தகைய வரம்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இருந்தால் இயக்கி வையுங்கள். வால்யூம் படிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு படி குறைத்தால் கேட்கவில்லை, ஒரு படி கூட்டினால் உறுத்துகிறது என்றால் எல்லோரும் கூட்டித்தான் வைப்பார்கள். பாட்டை நிறுத்திய பின் காது அடைத்தது போலவோ இரைவது போலவோ இருந்து, மறுநாள் சரியாகிவிட்டால், “சரியாகிவிட்டதே” என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அந்த மாணவரின் பிளேயரில் கெயினைத் தாழ்நிலைக்கு மாற்றி, வரம்பை வைத்து, கடவுச்சொல்லை அவருடைய அம்மாவிடம் கொடுத்து அனுப்பினேன். புறப்படும்போது, “இந்தப் பள்ளம் மறுபடி நிரம்புமா, மேடம்?” என்று கேட்டார். நிரம்பாது என்று சொன்னேன். மூன்று மாதம் கழித்து, அது இன்னும் ஆழமாகவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள மீண்டும் வருகிறார்.