அடிதடி வழக்கு அப்பீலுக்குப் போனால் காயத்துக்கு என்ன ஆதாரம்?

மண்டை உடைந்தால் கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் நம்மவர்கள் பலர் செய்வது, பக்கத்து டிஸ்பென்சரியில் நாலு தையல் போட்டுக்கொண்டு, வீட்டில் படுத்தெழும்பி, இரண்டு நாள் கழித்துப் பொலிசுக்குப் போவது. வழக்கு அங்கேயே பாதி பழுதாகிவிடும்.

முறைப்பாடு கொடுத்ததும் சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். எம்.எல்.ஈ.எஃப். என்றால் எல்லா ஸ்டேஷனிலும் தெரியும். அதோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால், யார் அடித்தது, எதனால், எத்தனை மணிக்கு என்று நீங்கள் சொல்வதை டாக்டர் எழுதிக்கொள்வார். வாயில் சாராய மணம் இருந்தால் அதையும் எழுதுவார், கோபிக்க வேண்டாம். பிறகு ஒவ்வொரு காயத்தின் நீளம், இடம், வகை, அது பாரதூரமானதா இல்லையா என்பது.

இந்த "பாரதூரம்" சும்மா சொல் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவில் சாதாரண காயத்துக்கு ஒரு வருடம் வரை சிறை, 316இல் பாரதூரமான காயத்துக்கு ஏழு வருடம் வரை. எது பாரதூரம் என்று 311ஆம் பிரிவு சொல்கிறது: எலும்பு முறிவு, பல் உடைவு, முகத்தில் நிரந்தர விகாரம், 20 நாட்கள் கடும் வலியோடு கிடப்பது என்று பட்டியல் நீளும். ஆகவே எக்ஸ்ரே, டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் துண்டு எதையும் எறியாதீர்கள். முறிவுக்கு ஆதாரம் ஃபைலில் இல்லையென்றால், அடித்தது நிரூபணமானாலும் 316 அப்பீலில் 314 ஆக இறங்கலாம்.

நீதவான் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து மேல் நீதிமன்றத்துக்குப் போக 14 நாட்கள்தான். எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலையானால், சட்டமா அதிபரின் எழுத்து அனுமதி இல்லாமல் முறைப்பாட்டாளர் போகவே முடியாது. அங்கே பொதுவாக யாரையும் மறுபடி கூண்டில் ஏற்றுவதில்லை, கீழே பதிவானதைத்தான் வாசிப்பார்கள். ஆஸ்பத்திரியில் அன்று எழுதாமல் விட்ட காயத்துக்கு இப்போது புது ரிப்போர்ட் கொண்டுபோனால், "அப்போதே ஏன் தரவில்லை?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அப்பீலில் எதிரி தரப்பு வழக்கமாகக் கிளப்புவது ஒரு முரண்பாடு. சாட்சி "கத்தியால் வெட்டினான்" என்கிறார், மருத்துவ அறிக்கையில் மொட்டை ஆயுதத்தால் வந்த கிழிசல் என்றிருக்கிறது. தலையில் இது சகஜம்: தோலுக்கு நேர் கீழே எலும்பு இருப்பதால் பொல்லடி பட்டாலும் வெட்டுப் போலவே பிளக்கும். காயத்துக்குள் அறுபடாமல் குறுக்கே நிற்கும் நார்களைப் பார்த்து சட்ட வைத்திய அதிகாரி வித்தியாசம் சொல்வார். அவரை அழைக்காமலே அறிக்கையைச் சான்றாக ஏற்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் அவர் வந்து விளக்குவதுதான் நல்லது என்பேன். இத்தனை பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்ற கணக்கு சட்டத்தில் இல்லை. நம்பத்தக்க ஒருவர் போதும், அவர் சொன்னதோடு காயம் ஒத்துப்போக வேண்டும்.

சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது கொப்பிகளைக் கொடுங்கள், ஒரிஜினல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.