புதினா இலையும் தைலப் புட்டியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து வெகுநாளாகிறது. தோட்டத்து லயத்தை (வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறிய குடும்பங்களோடு கறிவேப்பிலையும் முருங்கையும் புதினாவும் கூடவே வந்தன. இங்கே மருந்தகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் புதினா மேல் ஒரு குறையும் இல்லை. செடி மேலுள்ள நம்பிக்கை அப்படியே தைலப் புட்டிக்கும் தாவிவிடுவதுதான் கவலை.

முதலில், கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு. "நெஞ்சு எரியுது தம்பி. ராத்திரி படுக்கும்போது புதினாத் தண்ணி காய்ச்சிக் குடிக்கிறேன், இன்னும் கூடுதே!" அதை நிறுத்திப் பாருங்கம்மா என்பதுதான் என் பதில். புதினாவின் எண்ணெய்ச்சத்து குடல் தசையை இளக்கும். அதனால்தான் வயிற்றுப் பிடிப்புக்கும் காற்றுக்கும் இதமாக இருக்கிறது. அதே சத்து, உணவுக்குழாயின் அடியில் கதவுபோல் மூடியிருக்கும் தசையையும் தளர்த்தக்கூடும். சாப்பிட்டதும் படுப்பவருக்கு அமிலம் மேலேற அது போதும். காற்று வேறு, நெஞ்செரிச்சல் வேறு. இரண்டையும் 'கேஸ்ட்ரிக்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், காரணமில்லாத எடைக்குறைவு என்றால் புதினாவும் வேண்டாம், என் கடையும் வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள்.

பெப்பர்மின்ட் என்ற புதினா வகையின் எண்ணெய் மாத்திரை வாங்குவோருக்கும் ஒன்று. அதன் மேலுறை குடலுக்குப் போன பிறகு கரைய வேண்டியது. மென்று தின்றாலோ, அமிலம் குறைக்கும் மருந்தோடு சேர்த்து விழுங்கினாலோ வயிற்றிலேயே உடைந்து எரிச்சலைத் தரும்.

அடுத்தது குழந்தைகள். சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கடியில் தைலம் தடவும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். தைலத்திலுள்ள மெந்தால் (பெப்பர்மின்ட் எண்ணெயின் குளிர்ச்சிப் பொருள்) மூக்கடைப்பைத் திறப்பதில்லை. குளிரை உணரும் நரம்புமுனைகளைத் தூண்டி, திறந்ததுபோல் காட்டும், அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்கு அந்த நெடியில் குரல்வளை இறுகி மூச்சே தடைப்படலாம். இரண்டு வயதுக்குக் கீழே மெந்தால், கற்பூரம் கலந்த எதுவும் வேண்டாம். மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு போதும். கற்பூரத் தைலத்தைக் குழந்தை குடித்துவிட்டால் வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். இதற்கெல்லாம் புதினாச் சட்னி மேல் பழி போட வேண்டியதில்லை. சட்னிக்கு எடுக்கும் ஸ்பியர்மின்ட் வகையின் மணம் கார்வோன் என்ற பொருளால் வருவது, மெந்தால் அதில் மிகக் குறைவு. புட்டியில் இருப்பதோ வடித்துச் செறிவாக்கிய சரக்கு.

ஆகவே இலையை வளர்த்துச் சாப்பிடுங்கள். பசாரில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டாகப் பார்த்துக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஈரமண்ணில் குத்தினாலே பிடித்துக்கொள்ளும். தண்ணீர்க் குவளையில் வேர்விட வைக்கும் பழக்கம்தான் எனக்குப் பிடிக்காது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதே குவளையில் ஏடிஸ் கொசு பிறந்துவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே கதைதான். சுகாதார அதிகாரி வந்து ஜென்டிக்கை (கொசுப்புழுவை) பார்த்துவிட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி (ரிங்கிட்) வரை கம்பவுண்ட் (வழக்கில்லாத உடனடி அபராதம்).

காலை வெயில், மதிய நிழல், அகலமான தொட்டி. தரையில் விட்டால் பாத்தியையே வளைத்துக்கொள்ளும்.

தொட்டி எது என்பதுதான் தோட்டத்து ஊரில் பெரிய கேள்வி. மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர் வீட்டில் களைக்கொல்லி வந்த தோங்கை (பிளாஸ்டிக் பீப்பாயை) பாதியாக வெட்டிச் செடி வைத்திருப்பார்கள். பூச்செடி என்றாலும் வேண்டாம் என்பேன்; தின்னும் இலை என்றால் கூடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது முழுதாகப் போகாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. ஆனால் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பழைய தோங்கில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? செம்பனை வேலியோரம் நட்ட செடியிலும் மருந்துச் சாரல் விழும், வாசல் பக்கம் மாற்றிவிடுங்கள்.

சமையலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலையை லேசாக மட்டும் வதக்கி, ஆறவிட்டு, குளிர்ந்த தண்ணீர் விட்டு அரையுங்கள். எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள்; புளிப்பு முன்னாடியே சேர்ந்தால் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும். நெஞ்செரிச்சல்காரர்கள் பச்சைமிளகாயைக் குறைத்துக் காலைத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். ராத்திரி பத்து மணிக்கு வேண்டாம்.