பழைய படத்தைத் துடைக்கும் முன்

பழைய புகைப்படங்களைச் சீர்செய்வது என் தொழில். "கொஞ்சம் பளிச்சுனு ஆக்கிக் கொடுங்க" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. ஏஐ செயலிகள் வந்த பிறகு வீட்டிலேயே பளிச்சென்று ஆக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணு மட்டும் வேற யாரோ மாதிரி இருக்கு" என்று வருகிறார்கள். செயலி எதுவும் இல்லாமலேயே இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தில், 1840களில் எடின்பரோவில் எடுத்த ஓர் உருவப்படத்தின் ஸ்கேனைக் கொடுத்தார்கள். அமர்ந்திருந்த பெண்ணின் தலைமுடி ஓரத்தில் வெளிறிய ஒரு தீற்றல். மங்கிப்போன இடம் என்று நினைத்து அரை நாள் உட்கார்ந்து நிரப்பினேன். அப்புறம்தான் நெகட்டிவைக் காட்டினார்கள். அதே இடத்தில் பென்சில் கோடுகள்! நெகட்டிவில் பென்சில் பட்ட இடத்தில் வெளிச்சம் குறைவாகப் புகும். பிரிண்டில் அந்த இடம் வெளுத்து வரும். படத்தை எடுத்தவர்களே வேண்டுமென்று செய்த வேலையைத்தான் நான் அழித்திருந்தேன்.

அந்தப் படத்தை எடுத்தவர்கள் இருவர். அவர்களில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் ஓவியர். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து 400க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறியபோது, அந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாக வரைய நினைத்தார். அத்தனை முகங்களையும் எப்படிப் பிடிப்பது? இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ராபர்ட் ஆடம்சன் கேமராவோடு துணைக்கு வந்தார். வேலை பெரும்பாலும் எடின்பரோவின் கால்டன் குன்றில், வெயிலில் நடந்தது. அறைக்குள் எடுத்தது போலத் தெரியும் படங்களுக்கும் நாற்காலி, திரைச்சீலை எல்லாம் வெளியேதான் போட்டிருந்தார்கள்.

அவர்கள் கையாண்டது கலோடைப் முறை. சாதாரண எழுதுதாளில் வெள்ளி உப்பைத் தூரிகையால் பூசி, கேமராவில் வைத்துப் படமெடுத்தால் அந்தத் தாளே நெகட்டிவ். அதனால் தாளின் நார் முகத்தின் மேல் மெல்லிய சொரசொரப்பாகப் பதியும், பூச்சு ஒரே சீராக இருக்காது, ஓரத்தில் தூரிகைத் தடம் தெரியும். அசையாமல் இருக்க வேண்டிய நேரம் நிமிடக் கணக்கில் நீளும். தலை லேசாக ஆடினாலும் கலங்கிவிடும். தாளுக்குப் பதில் வெள்ளி பூசிய தகட்டில் படம் பதியும் அந்தக் காலத்து டாகரோடைப் ஒவ்வொரு முடியையும் காட்டியது. ஆனால் கலோடைப்பின் உயிரே தாளின் அந்தச் சொரசொரப்பில்தான் இருக்கிறது என்று ஹில் ஒரு கடிதத்தில் எழுதினார். மனிதன் செய்த குறையுள்ள வேலை மாதிரி அது இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். ஓவியருக்கே உரிய பிடிவாதம்! 1848 ஜனவரியில், 26 வயதில், ஆடம்சன் இறந்துபோனார். அதற்குள் இருவரும் எடுத்த படங்கள் சுமார் 3,000.

சரி, எல்லாக் குறையையும் கும்பிட வேண்டுமா? இல்லை. படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போவைச் சரியாகக் கழுவாவிட்டால் பிரிண்ட் மஞ்சளாக வெளுக்கும். ஈரம் பழுப்புப் புள்ளிகள் வைக்கும். இதெல்லாம் பின்னால் வந்த சேதம். யாரும் விரும்பிச் செய்ததல்ல. சிக்கல் என்னவென்றால், திரையில் பார்க்கும்போது சேதமும் கைவேலையும் ஒன்று போலவே தெரியும். செயலிக்கு இரண்டுமே அழுக்குதான்.

அதனால் முதலில் எதையும் தொடாமல் ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பைத் தனியாக வையுங்கள், திருத்தமெல்லாம் நகலில்தான். அசல் படத்தில் ஈரத்துணி, செலோடேப் இரண்டும் வேண்டாம். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தையும் வெட்டாதீர்கள். தூரிகைத் தடம் அங்கேதான் இருக்கும்.