ஸ்கிரீன்ஷாட்டில் வீடியோ மட்டும் ஏன் கறுப்பாக வருகிறது?

"விண்டோஸின் ஸ்கிரீன்ஷாட் கருவியான ஸ்னிப்பிங் டூலில் படம் எடுத்தால் மற்றதெல்லாம் ஒழுங்காக வருகிறது. வீடியோ ஓடுகிற இடம் மட்டும் கறுப்புக் கட்டமாக இருக்கிறது. வைரஸா? விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வைரஸ் இல்லை, எதையும் மறுபடி நிறுவவும் வேண்டாம். அந்தக் கறுப்புக் கட்டத்துக்குப் பின்னால் இருக்கிற சங்கதி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதற்குப் போகும் முன், அடிக்கடி வரும் சாதாரணப் புகார்களை முடித்துவிடுவோம்.

"படம் எடுத்தேன், எங்கே போனது என்றே தெரியவில்லை" என்பதுதான் அதிகம் கேட்பது. விண்டோஸ் விசை, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் படம் கிளிப்போர்டுக்கு, அதாவது நகலெடுத்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடத்துக்கு, போகிறது. மூலையில் எட்டிப்பார்க்கும் அறிவிப்பை 'டு நாட் டிஸ்டர்ப்' மறைத்துவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். பெயிண்டைத் திறந்து கன்ட்ரோல், வி அழுத்திப் பாருங்கள். படம் வந்துவிட்டால் கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். பிரிண்ட் ஸ்கிரீன் விசை வேறு எதையோ திறக்கிறது என்றால், இன்னொரு மென்பொருள் அந்த விசையைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் கேட்டவருக்கே விசையைக் கொடுப்பது விண்டோஸின் வழக்கம். மேகச் சேமிப்புச் செயலிகள் இப்படிப் பிடித்துக்கொள்வதுண்டு. அவற்றின் செட்டிங்ஸில் போய் விடுவிக்கலாம். மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம்.

கருவி திறக்கவே மறுத்தால் செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்னிப்பிங் டூல், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போய் முதலில் ரிப்பேர், அதிலும் சரியாகாவிட்டால் ரீசெட். 2021இல் இதிலும் ஒரு விநோதம் நடந்தது. மென்பொருள் அசல்தான் என்று உறுதிசெய்யும் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று அக்டோபர் 31ஆம் தேதி காலாவதியாகிவிட, நவம்பர் 1 முதல் விண்டோஸ் 11இல் பலருக்கும் ஸ்னிப்பிங் டூல் திறக்கவில்லை. கணினியின் தேதியை அக்டோபர் 30க்குத் திருப்பி வைத்தவர்களுக்கு உடனே வேலை செய்தது! சான்றிதழ் விஷயம் தெரியாதவருக்கு இது மந்திரம் போலத்தான் தெரிந்திருக்கும். அப்புறம் அப்டேட் வந்து சரியானது. கணினி என்றாலே காரணம் கேட்காமல் பரிகாரம் செய்கிற பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. மூன்று தடவை ரீஸ்டார்ட், அதிலும் தீராவிட்டால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவது. கணினியில் காரணம் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சரி, கறுப்புக் கட்டத்துக்கு வருவோம்.

திரையில் தெரிவது ஒரே படம், அது நினைவகத்தில் ஓரிடத்தில் அப்படியே இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் கருவி அதை நகலெடுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆரம்பகால ஐபிஎம் பிசியில் இது ஏறக்குறைய உண்மை. 80 எழுத்து அகலம், 25 வரி என மொத்தம் 2,000 எழுத்துகள். பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினால் அவை நேரே அச்சுப்பொறிக்குப் போகும். விசைக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். இன்றைய 1920க்கு 1080 திரையில், புள்ளிக்கு 4 பைட் வீதம், ஒரு முழுப்படத்துக்கு 82,94,400 பைட் வேண்டும். வினாடிக்கு 60 முறை புதுப்பித்தால் கிட்டத்தட்ட 50 கோடி பைட். வீடியோ ஓடும்போது ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃபிரேம்) நிறம் மாற்றி, அளவு மாற்றி, இந்தப் பெரிய படத்துக்குள் ஒட்டிக்கொண்டே இருந்தால் மின்சாரமும் நேரமும் வீண்.

அதனால் பொறியாளர்கள் ஓர் அழகான வழி கண்டார்கள். வீடியோவைத் திரையின் படத்துக்குள் ஒட்டவே வேண்டாம். அது தனி நினைவகத்தில் தனி அடுக்காக இருக்கட்டும். திரைக்குப் புள்ளி புள்ளியாகச் சமிக்ஞை அனுப்புகிற வன்பொருள், அந்தக் கடைசிக் கணத்தில், "இந்தப் புள்ளியை எந்த அடுக்கிலிருந்து எடுப்பது?" என்று பார்த்து அனுப்பினால் போதும். இதற்கு ஓவர்லே என்று பெயர். இரண்டு அடுக்கும் ஒன்றாகச் சேர்ந்த படம் நினைவகத்தில் எங்குமே கிடையாது. கம்பியில் போகும்போதுதான் அது உருவாகிறது.

உங்கள் சுட்டியின் அம்புக்குறியும் இந்த ஜாதிதான். அது ஒரு குட்டித் தனி அடுக்கு. சுட்டியை நகர்த்தினால் அடியில் இருக்கும் படம் மாறுவதில்லை. அம்புக்குறியின் இடத்தைச் சொல்லும் இரண்டு எண்கள் மாறுகின்றன, அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட்டில் அம்புக்குறி பெரும்பாலும் வராததன் ரகசியம் இது. அம்புக்குறியும் வேண்டும் என்று தேர்வு செய்தால், கருவி அதைத் தனியாகக் கேட்டு வாங்கிப் படத்தின் மேல் வரைகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்த ஓவர்லே செய்த வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வீடியோ பிளேயர் தன் கட்டத்தை ஒரு குறிப்பிட்ட நிறத்தால், பெரும்பாலும் கறுப்புக்கு நெருங்கிய நிறத்தால், நிரப்பிவிடும். "இந்த இடத்தில் இந்த நிறம் தெரிந்தால் அதற்குப் பதில் வீடியோவைக் காட்டு" என்று கிராபிக்ஸ் அட்டைக்குச் சொல்லிவிடும். செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டுவார்களே, அதே வித்தை. இப்போது பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினால் நகலாவது அந்த நிறம் மட்டுமே. ஆனால் அதைப் பெயிண்டில் ஒட்டி, பெயிண்டை வீடியோ இருந்த அதே இடத்தில் வைத்தால், ஒட்டிய படத்துக்குள் வீடியோ ஓடும்! கிராபிக்ஸ் அட்டைக்குத் தெரிந்தது நிறம்தான். அது பிளேயரில் இருக்கிறதா பெயிண்டில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பிளேயரை மூடிய கணம் பெயிண்டிலும் வீடியோ நின்று, வெறும் கட்டம் மிஞ்சும். படம் கிடைத்துவிட்டது என்று நம்பி நண்பருக்கு அனுப்பினால் அவருக்குப் போவதும் அந்த வெறும் கட்டம்தான்.

எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா முதல் நிலைமை மாறியது. ஒவ்வொரு சாளரமும் தனக்கென ஒரு நினைவகத்தில் வரைந்துகொள்ள, டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்கிற விண்டோஸின் பகுதி எல்லாவற்றையும் நினைவகத்திலேயே சேர்த்து ஒரே படமாக அடுக்குகிறது. ஆகவே இன்று சாதாரண வீடியோ பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டில் வந்துவிடும். வராவிட்டால் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். பிரவுசரின் செட்டிங்ஸில், வீடியோ வேலையைக் கிராபிக்ஸ் வன்பொருளிடம் ஒப்படைக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.

கட்டணத் திரைப்படச் சேவைகளில் வரும் கறுப்பு வேறு வகை. அங்கே வீடியோவை நகலெடுக்கவிடாத காப்பு இருக்கிறது. மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) நீங்கிய சட்டகங்கள் பாதுகாக்கப்பட்ட நினைவகத்தில் இருக்கும்போது வேறு மென்பொருள் அதைப் படிக்க முடியாது. விண்டோஸ் 7 முதல் எந்தச் செயலியும் "என் சாளரத்தைப் படமெடுக்க விடாதே" என்று கேட்டுக்கொள்ளவும் முடியும். கைபேசியில் வங்கிச் செயலிகள் பல இதே போன்ற வசதியைப் பயன்படுத்துகின்றன. இங்கே கருவி பழுதாகவில்லை. ரிப்பேர், ரீசெட் எதுவும் பலிக்காது.

தடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, காரணம் சொல்லாமல் தடுப்பதில்தான் இருக்கிறது. இந்தச் சாளரம் படமெடுக்க அனுமதிக்கவில்லை என்பது இயங்குதளத்துக்கே தெரியும். கறுப்புக் கட்டத்தின் மேல் அதை ஒரு வரியில் எழுதிக் காட்ட எத்தனை நேரம் ஆகும்? அந்த ஒரு வரி இல்லாததால்தான் நம் வாசகர் வைரஸ் என்று பயந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவலாமா என்று கேட்கிறார்.